கிராமத்து வீட்டுக்கு நெட்: பூஸ்டர் தேடும் முன் சிக்னலை அளந்து பாருங்கள்

வீட்டுக்குள் டவர் எடுக்கவில்லை என்றதும் எல்லோரும் முதலில் தேடுவது சிக்னலைப் பெருக்கித் தரும் பூஸ்டரைத்தான். எங்கள் தொழிலில் அது கடைசியாக யோசிக்க வேண்டிய பொருள். பெரும்பாலான வீடுகளில் சிக்னல் கூரை வரைக்கும் நன்றாகவே வந்துவிடுகிறது, சுவரில்தான் அடிபட்டுப் போகிறது. செங்கல் சுவர் 5 முதல் 10 டெசிபல் (சிக்னல் கூடுவதையும் குறைவதையும் சொல்லும் அளவு) வரை எடுத்துக்கொள்ளும். கம்பி கட்டிய கான்கிரீட்டில் 10 முதல் 20 வரை போகும். தகரக் கூரையும் உலோகப் பூச்சுள்ள வெப்பத் தடுப்புக் கண்ணாடியும் 20க்கு மேலேயே விழுங்கும். 10 டெசிபல் போனால் மிஞ்சுவது பத்தில் ஒரு பங்கு. 20 போனால் நூற்றில் ஒரு பங்கு.

அதனால் சிக்னலை உள்ளே இழுக்கப் போராட வேண்டாம். சிம் போடும் மோடத்தை வெளியே, சிக்னல் இருக்கும் உயரத்தில் மாட்டுங்கள். அங்கிருந்து ஈதர்நெட் வயர் வழியாக நெட்டை வீட்டுக்குள் இறக்குங்கள். போன் பேச அந்த நெட்டிலேயே வைஃபை காலிங், அதாவது டவருக்குப் பதில் வைஃபை வழியாக அழைக்கும் வசதி, இருக்கிறது. பல வீடுகளுக்கு இது போதும். ஆனால் எந்த மோடம், எந்த சிம், எந்தப் பக்கம் என்பதை அளந்து பார்த்துத்தான் சொல்ல முடியும்.

திரையில் தெரியும் கோடுகளை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். எத்தனை கோடு காட்டுவது என்பது அந்தந்த போன் கம்பெனியின் விருப்பம், அதற்குப் பொதுவான விதி இல்லை. பார்க்க வேண்டியது எண்களை. ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸில் போனைப் பற்றிய பகுதிக்குள் சிம் நிலை என்ற இடத்தில் கிடைக்கும். டயலரில் *#*#4636#*#* அழுத்தினாலும் பல போன்களில் வரும். ஐபோனில் *3001#12345#* என்று டயல் செய்ய வேண்டும். ரவுட்டராக இருந்தால் அதன் அட்மின் பக்கத்தில் இருக்கும்.

இரண்டு எண்கள் முக்கியம். முதலாவது ஆர்எஸ்ஆர்பி, அதாவது டவரிலிருந்து வந்து சேரும் பலம். இது டிபிஎம் என்ற அலகில், மைனஸில் இருக்கும்; பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது. மைனஸ் 90 டிபிஎம் அல்லது அதற்கு மேல் என்றால் நல்லது. மைனஸ் 100 வரை ஓட்டலாம். மைனஸ் 110ஐத் தாண்டிக் கீழே போனால் நெட் திணறும், மைனஸ் 120 அருகே இணைப்பே நிற்காது. இரண்டாவது எஸ்ஐஎன்ஆர். மற்ற டவர்களின் இரைச்சலுக்கு நடுவே நம் டவர் எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்பதை இது சொல்லும். 20க்கு மேல் இருந்தால் அருமை, 10க்கு மேல் இருந்தால் பரவாயில்லை, பூஜ்யத்துக்குக் கீழே போனால் எத்தனை கோடு இருந்தாலும் பயனில்லை.

அளப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. வீட்டின் நான்கு மூலைகள், மாடி, தண்ணீர்த் தொட்டி மேல் என்று இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு இடத்திலும் ஏரோபிளேன் மோடை 10 விநாடி போட்டு எடுங்கள். இல்லாவிட்டால் போன் பழைய செல்லையே (டவரின் ஒரு பிரிவு) பிடித்துக்கொண்டு பொய்க் கணக்குக் காட்டும். ஒரு நிமிடம் அசையாமல் நின்ற பிறகு எண்ணைக் குறியுங்கள். டவர் எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியவில்லையா? போனை நெஞ்சோடு ஒட்டிப் பிடித்து மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றுங்கள். ஆர்எஸ்ஆர்பி எப்போது மிகவும் மோசமாகிறதோ, அப்போது டவர் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கிறது, உடம்பு மறைக்கிறது. தோராயமான திசைக்கு இதுவே போதும். கிடைக்கும் எல்லா நிறுவனங்களின் சிம்மையும் போட்டு, அதிகாலையில் ஒரு முறையும் இரவு 8 முதல் 10 மணிக்குள் ஒரு முறையும் இதைச் செய்யுங்கள். வேகச் சோதனையில் பதிவேற்ற வேகத்தையும் குறிக்க மறக்காதீர்கள்.

இந்தக் குறிப்பைப் படிப்பதில்தான் விஷயமே இருக்கிறது. ஆர்எஸ்ஆர்பி மோசம், எஸ்ஐஎன்ஆர் நன்றாக இருக்கிறது என்றால் அது கிராமத்துக்கே உரிய நிலை. டவர் தூரம், ஆனால் குறுக்கே சத்தம் இல்லை. ஆண்டெனா இங்கே நன்றாக வேலை செய்யும். ஆர்எஸ்ஆர்பி நன்றாக இருந்து எஸ்ஐஎன்ஆர் மட்டும் மோசமென்றால் இரண்டு மூன்று டவர்கள் ஒன்றின் மேல் ஒன்று கத்துகின்றன. ஒரே பக்கம் பார்க்கும் ஆண்டெனாதான் தீர்வு, எல்லாப் பக்கமும் வாங்கும் குச்சி ஆண்டெனா நிலைமையை இன்னும் கெடுக்கும். இரண்டு எண்ணுமே நன்றாக இருந்து, காலையில் பறந்த நெட் இரவில் மட்டும் படுத்துவிட்டால் டவரில் கூட்டம். அதற்கு எந்த ஆண்டெனாவும் உதவாது. வேறு பேண்டையோ (டவர் பேசும் அலைவரிசை) வேறு நிறுவனத்தையோதான் பார்க்க வேண்டும். இந்த மூன்றாவது நிலையில் ஆண்டெனாவுக்குப் பணத்தைக் கொட்டியவர்கள் நிறைய.

முழு சிக்னல் காட்டுகிறது, எதிர்முனையில் நம் குரல் மட்டும் கேட்கவில்லை என்ற புகாருக்கும் காரணம் உண்டு. டவர் பல பத்து வாட்டில் பேசுகிறது. கைபேசியோ அதிகபட்சம் 0.2 வாட்டில் பதில் சொல்கிறது. திரையில் தெரிவது டவர் நமக்குக் கேட்பது மட்டுமே. நாம் டவருக்குக் கேட்கிறோமா என்பதை எந்தக் கோடும் காட்டாது. பதிவேற்ற வேகத்தைக் குறிக்கச் சொன்னது இதற்காகத்தான். நல்ல ஆண்டெனா வாங்குவதற்கும் அனுப்புவதற்கும் சேர்த்தே உதவும்.

பேண்டைப் பற்றிச் சுருக்கமாக. 700, 800, 850, 900 மெகாஹெர்ட்ஸ் தூரம் போகும், சுவரையும் ஓரளவு தாண்டும், ஆனால் அங்கே அலைவரிசை அகலம் குறைவு. 1800, 2100, 2300, 2600 வேகம் தரும், தூரமும் சுவரும் ஆகாது. வீட்டுக்குள் 900ஐப் பிடித்துத் தொங்கும் போன், மாடியில் 1800ஐப் பிடித்து இருமடங்கு வேகம் காட்டுவது சாதாரணம். அதனால் பேண்டைத் தேர்ந்து பூட்டும் வசதியுள்ள ரவுட்டராக வாங்குங்கள். ஆர்எஸ்ஆர்பி நன்றாகக் காட்டும் பேண்டே வேகமானது என்று எண்ணிவிடாமல், ஒவ்வொன்றையும் இரவில் ஓட்டிப் பாருங்கள். 5ஜி என்ற எழுத்தைக் கண்டு மயங்கவும் வேண்டாம். 3500 மெகாஹெர்ட்ஸ் 5ஜி தொலைவிலுள்ள வீட்டுக்கு அநேகமாக வந்து சேராது. 700இல் வரும் 5ஜி, நல்ல 4ஜியை விடப் பெரிதாக வேகம் தந்துவிடாது.

டவர் கண்ணுக்குத் தெரிந்தால் போதும் என்பதும் பாதி உண்மைதான். ரேடியோ அலை நூல் பிடித்தாற்போல் வருவதில்லை, நடுவில் பருத்து வரும். 5 கிலோமீட்டர் தூரத்தில், 900 மெகாஹெர்ட்ஸில், நடுவழியில் அந்தப் பருமனின் ஆரம் சுமார் 20 மீட்டர். அதில் அறுபது சதவீதமாவது, அதாவது 12 மீட்டர், மரமோ மேடோ குறுக்கிடாமல் இருக்க வேண்டும். ஈர இலை காய்ந்த இலையை விட அதிகம் விழுங்கும் என்பதால், கோடையில் அளந்த எண்ணிலிருந்து சில டெசிபல் கழித்துக்கொள்வது நல்லது.

இனி கருவி. முதல் தேர்வு, மோடமும் ஆண்டெனாவும் ஒரே பெட்டிக்குள் இருக்கும் வெளிப்புற ரவுட்டர். சிக்னல் ஆண்டெனாவிலிருந்து மோடத்துக்குச் சில சென்டிமீட்டர்தான் போகிறது, வயரில் வீணாவதில்லை. மின்சாரமும் அதே ஈதர்நெட் வயரில் ஏறும். 100 மீட்டர் வரை ஓட்டலாம். கேட் 6 ரகம், வெளிப்புற உறை, முழுச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசிய மலிவு வயரில் நீளம் கூடினால் வோல்ட் இறங்கி, ரவுட்டர் அடிக்கடி தானாக ரீஸ்டார்ட் ஆகும். ஈதர்நெட் வயரில் மின்சாரத்தை ஏற்றும் பவர் இன்ஜெக்டர், பெட்டியோடு வந்ததையே பயன்படுத்துங்கள். சிலது 24 வோல்ட், சிலது 48. சில இன்ஜெக்டர்கள் எதிரில் இருக்கும் கருவியைக் கேட்காமலேயே கரண்டைத் தள்ளும். மாற்றிச் செருகினால் போர்ட் கருகிவிடும். வயர் பெட்டிக்குள் நுழையும் வாய் கீழ்நோக்கி இருக்க வேண்டும். நுழைவதற்கு முன் வயரில் ஒரு தொங்கல் விட்டால் மழைத்தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

ஏற்கெனவே உள்ளே வைக்கும் ரவுட்டர் இருந்து, அதில் ஆண்டெனா போர்ட்டும் இருந்தால் வெளி ஆண்டெனா போடலாம். அங்கே எதிரி, ஆண்டெனாவிலிருந்து ரவுட்டருக்குச் சிக்னலைக் கொண்டுவரும் கோஆக்சியல் வயர். 1800 மெகாஹெர்ட்ஸில் எல்எம்ஆர் 200 என்ற மெல்லிய ரகம் 10 மீட்டருக்கு ஏறக்குறைய 4.7 டெசிபல் தின்றுவிடும். தடித்த எல்எம்ஆர் 400 என்றால் 2க்குள் நிற்கும். 11 டெசிபல் ஆண்டெனாவை வாங்கி, 20 மீட்டர் மெல்லிய வயரில் அதை இறக்கினால் கையில் மிஞ்சுவது ஒன்றரை. வயரைக் குறைக்க ரவுட்டரை நகர்த்துங்கள், வைஃபையை வீட்டுக்குள் பரப்புவது எளிது. 4ஜி இரண்டு தரவு ஓடைகளில் வருவதால் ஆண்டெனாவும் இரண்டு வேண்டும், ஒன்று 45 பாகை வலப்புறமும் மற்றது 45 பாகை இடப்புறமும் சாய்ந்திருக்க வேண்டும். இரண்டும் உள்ளேயே இருக்கும் பேனல் ஆண்டெனா வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை. மீன் முள் போலிருக்கும் யாகி ஆண்டெனா பெரும்பாலும் குறுகிய அலைவரிசைக்கே பொருந்தும். எந்த பேண்ட் என்று உறுதியாகத் தெரியாதவர்கள் பல பேண்டுகளையும் வாங்கும் லாக் பீரியாடிக் வகையை எடுப்பது பாதுகாப்பு.

கனெக்டரில் ஒரு சின்ன வலை இருக்கிறது. எஸ்எம்ஏ, ஆர்பி-எஸ்எம்ஏ என்ற இரண்டு வகைக் கனெக்டர்களும் வெளியே ஒரே மாதிரி, மரையும் சரியாகவே ஏறும். ஆனால் நடுவில் ஊசி இருக்கும் பக்கம் மாறியிருக்கும். வைஃபைக்கானதை 4ஜி போர்ட்டில் மாட்டினால் இறுகும், சிக்னல் மட்டும் போகாது. மாட்டும் முன் இரு முனைகளையும் பாருங்கள்: ஒன்றில் ஊசி, மற்றதில் துளை. அதன் பிறகு ரவுட்டர் செட்டிங்கில் வெளி ஆண்டெனாவைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஆண்டெனாவைத் திருப்பும்போது அவசரம் கூடாது. 10 பாகை திருப்பி, அரை நிமிடம் நின்று, எஸ்ஐஎன்ஆரைக் குறித்து, மறுபடி 10 பாகை. டவரை நேராகப் பார்க்கும் கோணத்தை விட மலைச்சரிவில் பட்டுத் திரும்பும் கோணம் நன்றாக இருப்பதும் உண்டு. எண் சொல்வதைக் கேளுங்கள்.

வீடு பள்ளத்தில் இருந்து, மாடியிலும் ஒன்றும் எடுக்கவில்லை என்றால், சிக்னல் இருக்கும் மேட்டில், மோட்டார் கொட்டகை போல் கரண்ட் உள்ள இடத்தில் ரவுட்டரை வையுங்கள். அங்கிருந்து வீட்டுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் வயர்லெஸ் பிரிட்ஜ் (வயரில்லாமல் இரண்டு இடங்களை இணைக்கும் கருவி) ஒரு ஜோடி போட்டால், நேர்ப்பார்வை இருக்கும் பட்சத்தில், சில நூறு மீட்டர் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. எங்கேயும் சிக்னல் இல்லையென்றால் மட்டும் செயற்கைக்கோள் இணைப்பு. அதிலும் தாழ் சுற்றுப்பாதையில் இயங்குவதை எடுங்கள். சுமார் 35,786 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வருவதில் அரை விநாடிக்கு மேல் தாமதம் இருக்கும், பேசுவது சிரமம்.

நெட் வந்தபின் போனில் வைஃபை காலிங்கை ஆன் செய்யுங்கள். சிம் நிறுவனமும் போன் மாடலும் இரண்டும் இதை ஆதரிக்க வேண்டும். ஆன் செய்தும் வேலை செய்யாவிட்டால், ரவுட்டரின் ஃபயர்வால் (பாதுகாப்புத் தடுப்பு) யுடிபி 500, 4500 போர்ட்டுகளைத் தடுக்கிறதா என்று பாருங்கள். அழைப்பு அந்த வழியாகத்தான் போகிறது. அரைகுறை டவரைப் பிடித்துக்கொண்டு வைஃபைக்கு வர மறுக்கும் போனில் வைஃபைக்கு முன்னுரிமை என்ற தேர்வு இருக்கும். இல்லாவிட்டால் ஏரோபிளேன் மோட் போட்டு வைஃபையை மட்டும் ஆன் செய்யலாம். அவசர அழைப்பில் உங்கள் இருப்பிடம் சரியாகப் போய்ச் சேராமல் இருக்கலாம், முகவரியை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

கரண்ட் போனால் இந்த ஏற்பாடு முழுதும் படுத்துவிடும். 10 வாட் ரவுட்டருக்கு 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரி கணக்குப்படி 8 மணி நேரம் வர வேண்டும். பேட்டரி சீக்கிரம் சாகாமல் இருக்க அதில் பாதியைத்தான் எடுக்கலாம், ஆக 4 மணி நேரம்.

பூஸ்டர் என்று விற்கும் ரிப்பீட்டருக்கு வருவோம். பல நாடுகளில் அனுமதியின்றி இதைப் பொருத்துவது குற்றம், சில நாடுகளில் சான்று பெற்ற மாடல்களுக்கு மட்டும் அனுமதி. சட்டத்துக்குப் பின்னால் நியாயம் இருக்கிறது. உள் ஆண்டெனா அனுப்புவது வெளி ஆண்டெனாவுக்குத் திரும்பக் கேட்டால், மைக்கும் ஸ்பீக்கரும் எதிரெதிரே வைத்தாற்போல் கருவி ஊளையிடும். அந்த இரைச்சல் டவருக்குப் போய் ஊருக்கே சேவையைக் கெடுக்கும். இதைத் தவிர்க்க, இரண்டு ஆண்டெனாவுக்கும் இடையே உள்ள தடுப்பு கருவியின் பெருக்கத்தை விட 15 டெசிபலாவது கூடுதலாக இருக்க வேண்டும். 65 டெசிபல் கருவிக்கு 80 டெசிபல் தடுப்பு. சின்ன வீட்டில், ஓட்டுக் கூரையில், இது கிடைப்பது கடினம். போன் முதுகில் ஒட்டும் சிக்னல் ஸ்டிக்கரைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

உயரத்தில் உலோகம் வைத்தால் இடியை நினைக்காமல் இருக்க முடியாது. கம்பத்தை நேராக, வளைவின்றி, தடித்த செம்பு வயரால் பூமியில் இறக்குங்கள். அந்த எர்த் வீட்டு எர்த்தோடு இணைந்திருக்க வேண்டும். இரண்டும் தனித்தனியாக இருந்தால் இடியின்போது அவற்றுக்கிடையே வரும் மின்னழுத்தம் ரவுட்டர் வழியாகத்தான் பாயும். வயர் வீட்டுக்குள் நுழையும் இடத்தில், திடீரென ஏறும் மின்னழுத்தத்தைத் தடுக்கும் சர்ஜ் அரெஸ்டர் வையுங்கள். நேரடி இடியை இது எதுவும் தாங்காது, பக்கத்தில் விழும் இடியிலிருந்து காப்பாற்றும். வேலையை மின் பணியாளரிடம் கொடுங்கள், மின்கம்பிக்கு அருகே கம்பம் நிறுத்தவே வேண்டாம்.

பொருத்திய அன்று வந்த ஆர்எஸ்ஆர்பி, எஸ்ஐஎன்ஆர், பேண்ட், செல் எண் (டவர் பிரிவின் அடையாள எண், போன் நம்பர் அல்ல) நான்கையும் எழுதி ரவுட்டர் மேலேயே ஒட்டி வையுங்கள். நெட் படுக்கும்போது முதலில் அந்தத் தாளைப் பாருங்கள். செல் எண் மாறியிருந்தால் கோளாறு அநேகமாக டவர் பக்கம். அந்த எண்ணையும் நேரத்தையும் குறிப்பிட்டுப் புகார் கொடுத்தால் வெறுமனே ‘நெட் ஸ்லோ’ என்று சொல்வதை விட விரைவில் நகரும். செல் எண் அதேதான், ஆனால் மழைக்குப் பின் 5, 6 டெசிபல் இறங்கியிருக்கிறது என்றால் வெளிக் கனெக்டரைக் கழற்றுங்கள். உள்ளே பச்சை பூத்திருந்தால் தண்ணீர் ஏறிவிட்டது. துடைத்து மாட்டினால் நிற்காது. வயரில் ஒரு சாண் வெட்டி எறிந்து, புதுக் கனெக்டர் போட்டு, தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள்.