சொல் விளக்கம்: ஓய்வூதியம்

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில் 'பென்சன்' என்ற ஒரு சொல்லே பலவற்றையும் குறித்து வருகிறது. 'வாத்தியார் பென்சன் ஆகிவிட்டார்' என்றால் அவர் பணி ஓய்வு பெற்றார் என்று பொருள். மாதந்தோறும் அவருக்கு வரும் பணமும் பென்சன்தான். 55 வயதில் தோட்டப் பாட்டாளி எடுக்கும் சேமநிதிப் பணத்தையும் சிலர் அவ்வாறே சொல்கிறார்கள். இவற்றுள் இரண்டாவது மட்டுமே ஓய்வூதியம்.

பென்சன் என்பதன் மூலம் இலத்தீன். எடைபோடுதல், செலுத்துதல் ஆகிய இரு பொருளும் உடைய 'பெண்டெரே' என்ற வினையிலிருந்து, செலுத்தப்படுவது என்னும் பொருளில் 'பென்சியோ' பிறந்தது. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்திற்கும், அங்கிருந்து தமிழுக்கும் மலாய்க்கும் வந்தது.

தமிழில் முன்னர் 'உபகாரச் சம்பளம்' என்று எழுதினார்கள். அச்சொல் வழக்கொழிந்தது நல்லதே என்பேன், ஏனெனில் உபகாரம் என்றால் கொடுப்பவர் மனம் வைத்துத் தருவது என்றாகிறது. ஓய்வூதியமோ ஓய்வு, ஊதியம் என்னும் இரு சொற்களின் சேர்க்கை. 'ஈதல் இசைபட வாழ்தல் அதுவல்லது ஊதியம் இல்லை உயிர்க்கு' என்னும் குறளில் ஊதியம் பயனைக் குறிக்கிறது. பிற்காலத்தில்தான் அது உழைப்புக்குரிய சம்பளமாயிற்று. இரு பொருளும் இங்கே பொருந்துகின்றன. மனம் வைத்துத் தருவதா, உழைப்புக்குரிய உரிமையா என்னும் இழுபறி சட்டத்திலும் உண்டு: 1980ஆம் ஆண்டு ஓய்வூதியச் சட்டம், ஓய்வூதியம் எந்த அலுவலருக்கும் முழு உரிமையன்று என்கிறது, கூட்டரசு அரசியலமைப்பின் 147ஆம் பிரிவோ ஓய்வூதிய உரிமைகளுக்குப் பாதுகாப்பு அளிக்கிறது.

தமிழ்ப்பள்ளியில் 25 ஆண்டு, அதாவது 300 மாதம், பணியாற்றிய ஓர் ஆசிரியரின் கடைசிச் சம்பளம் 6,000 வெள்ளி (ரிங்கிட்) என்று கொள்வோம். பணிபுரிந்த மாதங்களை 600ஆல் வகுத்துக் கடைசிச் சம்பளத்தால் பெருக்க, மாத ஓய்வூதியம் 3,000 வெள்ளி ஆகிறது. எவ்வளவு காலம் பணியாற்றினாலும் இது சம்பளத்தில் 60 விழுக்காட்டைத் தாண்டாது. ஓய்வின்போது ஒரே தடவையில் கிடைக்கும் தொகை வேறு; அதற்குரிய சொல் பணிக்கொடை. கடைசிச் சம்பளத்தின் 7.5 விழுக்காட்டை மாதங்களால் பெருக்கினால் இவருக்கு அது 135,000 வெள்ளி. அவர் மறைந்தபின் துணைக்குத் தொடர்வது குடும்ப ஓய்வூதியம்.

1951இல் தொடங்கிய ஊழியர் சேமநிதி இதிலிருந்து அடிப்படையிலேயே மாறுபட்டது. தொழிலாளியும் முதலாளியும் மாதந்தோறும் செலுத்திய பணமும் அதற்குரிய ஈவும் சேர்ந்ததே அது. சேர்ந்தது தீர்ந்தால் அதன்பின் ஒன்றும் வராது. ஓய்வூதியம் வாழ்நாள் முழுவதும் வரும். ஒரே தோட்டத்துப் பள்ளியில் கற்பித்த ஆசிரியரின் முதுமையும் அங்கே பால்மரம் வெட்டிய (ரப்பர் பால் எடுத்த) தொழிலாளியின் முதுமையும் வேறுவேறாக அமைந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்பதால், இவ்விரு சொற்களையும் கலந்து வழங்குவது எனக்கு உடன்பாடில்லை.

இன்று இந்த வேறுபாடு ஆசிரியர்களுக்குள்ளேயே வந்துவிட்டது. 2024 பிப்ரவரி முதல் புதிதாக நியமிக்கப்படும் அரசு ஊழியர்கள் ஓய்வூதியத் திட்டத்தில் சேர்க்கப்படாமல் சேமநிதிக்குச் செலுத்துகிறார்கள். 'வாத்தியார் வேலை, பென்சன் உண்டு' என்று சம்பந்தம் பேசும் குடும்பங்கள், இனி அவர் எந்த ஆண்டில் பணியில் சேர்ந்தார் என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.