மகரக்கட்டு உடையும்போது தொண்டையில் என்ன நடக்கிறது?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருந்தார்: “தமிழ்ப்பள்ளியில் இருந்தவரை தேவாரப் போட்டி என்றால் என் மகன்தான். இடைநிலைப்பள்ளியில் படிவம் ஒன்றுக்குப் போனதும் குரல் உடைந்துவிட்டது. கண் பட்டுவிட்டது என்று மாமியார் தினமும் சுற்றிப் போடுகிறார். என்ன செய்யலாம் சார்?”

கண் எதுவும் படவில்லை அம்மா. பழைய நாடகக் கம்பெனிகளில் மகரக்கட்டு உடைவது என்று சொன்னார்களே, அதுதான் இது. டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் சுரக்கிறது, குரல்வளை வளர்கிறது, குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி இறங்குகிறது. இதெல்லாம் பள்ளிப் பாடம். நான் சொல்ல ஆசைப்படுவது குரல்வளையின் முன்சுவராக இருக்கும் கேடயக் குருத்தெலும்பின் வடிவத்தைப் பற்றி.

பாதி விரித்து நிமிர்த்தி வைத்த புத்தகம் போன்றது அது. புத்தகத்தின் முதுகு கழுத்தின் முன்பக்கம், திறந்த பக்கம் பின்னால். குரல் நாண்கள் அந்த முதுகின் உட்புறத்தில் தொடங்கிப் பின்னோக்கி ஓடி, அதற்குக் கீழே வளையமாக இருக்கும் மோதிரக் குருத்தெலும்பின் மேல் உட்கார்ந்திருக்கும் இரண்டு சின்னக் குருத்தெலும்புகளில் முடிகின்றன.

20 செ.மீ. நீள அட்டையை நடுவில் மடித்து மேசைமேல் நிறுத்துங்கள். 120 பாகைக்கு விரித்தால், மடிப்பிலிருந்து திறந்த வாயின் நடுப்பகுதிவரை 5 செ.மீ. இருக்கும். 90 பாகைக்குக் குறுக்கினால் அதே தூரம் 7 செ.மீ.! அட்டை துளிகூட வளரவில்லை, கோணம்தான் மாறியது. எத்தனை முறை செய்து பார்த்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

கேடயக் குருத்தெலும்பின் இந்தக் கோணம் பெண்களுக்குச் சுமார் 120 பாகை, ஆண்களுக்குச் சுமார் 90 என்கின்றன பாடநூல்கள். சின்ன வயதில் இருபாலருக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. பருவம் வந்ததும் பையன்களுக்குப் புத்தக அட்டைகள் போன்ற இரண்டு தட்டுகளும் பெரிதாகி, முதுகும் முன்னால் தள்ளிக்கொண்டு வருகிறது. கழுத்தில் தெரியும் அந்த மேடு இதுதான். உள்ளே நாண்களுக்கு இடம் நீள்கிறது. நாண்களின் நீளம் பெண்களுக்கு ஏறத்தாழ 12.5 முதல் 17.5 மி.மீ., ஆண்களுக்கு 17.5 முதல் 25 மி.மீ. நீண்டு தடித்த நாண் மெதுவாக அதிரும். அதனால்தான் பேசும்போது பெண் குரல் நொடிக்குச் சுமார் 200 முறை அதிர்ந்தால், ஆண் குரல் 120 முறை அதிர்கிறது. ஆனாலும் ஆளுக்கு ஆள் அளவு மாறும். கோணத்தை மட்டும் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லிவிட முடியாது.

இந்த அளவுகளில் பல, தானமாக வந்த உடல்களில் அளவுகோல் வைத்துப் பொறுமையாக அளந்து எடுத்தவை. நம் வீடுகளில் உடல்தானம் என்றாலே பேச்சை மாற்றிவிடுகிறார்கள். அது எனக்கு உண்மையிலேயே வருத்தம். சுற்றிப் போட எடுக்கும் உப்பு மிளகாயை விட, ஒருவர் தந்த உடல் இந்தப் பையனுக்கு அதிகம் சொல்லியிருக்கிறது.

சரி, பையனுக்கு வருவோம். நாண் நீண்டுவிட்டது, அதை இழுத்துப் பிடிக்கும் தசைகளுக்கோ பழைய நீளம்தான் பழக்கம். அதனால்தான் பாதிப் பாட்டில் குரல் தாவுகிறது. புது அளவு பழக மாதக்கணக்கில் ஆகலாம். அதுவரை ஐந்து கட்டைச் சுருதியில் பாடியவனை இரண்டு, ஒன்றரைக் கட்டைக்கு இறக்கிப் பாட விடுங்கள். தொண்டை வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடட்டும். திருவிழாவில் உறுமி மேளத்துக்கு மேல் கத்த வேண்டாம். மாமியாரிடம் அந்த அட்டையை மடித்துக் காட்டுங்கள்.