பிளாஸ்ட்: வெடிப்பா, அரும்பா?

“பிள்ளையின் என்பு மச்சையில் வெடிப்புக் கலங்கள் அதிகமாகக் காணப்படும்.” சிறுவர் இரத்தப் புற்றுநோய் பற்றித் தமிழில் வந்த ஒரு துண்டுப்பிரசுரத்தின் வசனம் இது. என்பு மச்சை என்பது எலும்புக்குள் குருதிக் கலங்கள் உருவாகும் இடம்; அங்கே காணப்படும் ‘பிளாஸ்ட் செல்’ என்ற மருத்துவச் சொல்லைத்தான் ‘வெடிப்புக் கலம்’ ஆக்கியிருக்கிறார்கள். அச்சிட்டவர் யாரென்பதை விட்டுவிடுகிறேன். அவர்கள் மட்டும் செய்த பிழையும் இல்லை. யூடியூப் விளக்கங்களிலும் வாட்ஸ்அப்பில் சுற்றும் குறிப்புகளிலும் இதே வெடிப்பு வெடித்துக்கொண்டுதான் இருக்கிறது. ஓரிடத்தில் ‘குண்டுவெடிப்பு செல்கள்’ என்றே போட்டிருந்தார்கள்.

1996 இல் மத்திய வங்கியையும் 2019 இல் உயிர்த்த ஞாயிறையும் பார்த்த ஊர் கொழும்பு. இங்கே ‘பிளாஸ்ட்’ என்ற சொல்லுக்கு ஏற்கெனவே ஒரு பொருள் இருக்கிறது, அதை யாருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கும் பொரளைச் சிறுவர் வைத்தியசாலைக்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அலையும் ஒரு தாய், உன் பிள்ளையின் எலும்புக்குள் வெடிப்பு என்று தன் சொந்த மொழியில் வாசிக்க வேண்டுமா?

சொல்லின் வேரைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆங்கிலத்தில் ஒரே எழுத்தில் இரண்டு ‘பிளாஸ்ட்’ உண்டு. காற்று வீச்சு, வெடிப்பு என்று பொருள்படுவது ஜெர்மானிய வழி வந்தது, ஊதுதல் என்ற வினையோடு உறவுடையது. மருத்துவர் சொல்வது கிரேக்க ‘பிளாஸ்டோஸ்’: முளை, தளிர், அரும்பு. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இன்னும் முழு உருவம் எடுக்காத, இனிமேல் ஒரு குறிப்பிட்ட வகைக் கலமாக முதிர வேண்டிய இளங்கலத்துக்கு அறிவியலாளர் இட்ட பெயர் அது.

இதற்குத் தமிழில் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. இலங்கையின் உயர்தர உயிரியல் படித்தவர்களுக்கு ‘அரும்பர்ச் சிறைப்பை’ நினைவிருக்கும். கருவின் தொடக்க நிலையான பிளாஸ்டோசிஸ்டுக்கு நம் பாடநூல் தந்த பெயர். கலைச்சொல் ஆக்கியவர்கள் அந்தக் காலத்திலேயே கிரேக்க வேரைப் பார்த்து ‘அரும்பர்’ என்று வைத்துவிட்டார்கள். அந்த ‘ர்’ எனக்குப் பிடிக்கவில்லை. உம்பர், இம்பர் போல ஏதோ தேவகணம் வந்து நிற்கிற மாதிரி இருக்கிறது. ‘அரும்பு’ போதும். பிளாஸ்ட் செல் அரும்புக் கலம். அரும்பு மீசை என்று சொல்லும்போது யாருக்கும் அகராதி தேவைப்படுவதில்லையே. நோயோடு இந்தச் சொல்லைச் சேர்ப்பதும் புதிதல்ல. “காலை அரும்பிப் பகலெல்லாம் போதாகி மாலை மலரும் இந்நோய்” என்று 1227ஆம் குறள் சொல்கிறது. அது காமநோய் என்பது வேறு விடயம்.

வெடிப்பை ஒதுக்குவது எளிது. அது மொழிபெயர்ப்பு இயந்திரத்தின் வேலை, அல்லது இயந்திரத்தைப் போல வேலை செய்யும் மனிதரின் வேலை. உண்மையான போட்டி ‘முதிராக் கலம்’, ‘மூலக்கலம்’ என்ற இரண்டோடுதான். இவற்றை முன்வைப்பவர்கள் விபரம் தெரிந்தவர்கள். ஆகவே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

‘முதிராக் கலம்’ எளிமையானது, தாய் தகப்பனுக்கு உடனே விளங்கும் என்கிறார்கள். விளங்கும், ஆனால் பிழையாக விளங்கும். குருதியில் முதிராத கலம் அரும்பு மட்டும் இல்லை. வெண்குழியம் ஒன்று அரும்பு நிலையிலிருந்து முழு வளர்ச்சிக்கு வருவதற்குள் பல படிகளைக் கடக்கிறது, அந்த இடைப்படிகள் எல்லாமே முதிராதவைதான். செங்குழியங்களின் இளநிலையான ரெட்டிக்குலோசைட்டுகள் சுகதேகியின் குருதியிலும் சிறிதளவு இருக்கும். கீமோதெரப்பி முடிந்து மச்சை மீண்டும் வேலை செய்யத் தொடங்கும்போது அவை கூடும். அது மகிழ்ச்சியான செய்தி. அரும்புக் கலம் கூடினால் அது கவலையான செய்தி. இரண்டையும் ‘முதிராக் கலம்’ என்றே றிப்போட்டில் எழுதினால் எதற்குச் சிரிப்பது, எதற்கு அழுவது? லியூக்கேமியா, அதாவது இரத்தப் புற்றுநோய், சிகிச்சையில் முதல் கட்டம் வென்றதா என்று பார்ப்பதற்கு, மச்சையில் அரும்புகள் 5 சதவீதத்துக்குக் கீழே வந்தனவா என்பதையே முதலில் கேட்கிறார்கள். ஒரு குடும்பத்தின் நாளையே தீர்மானிக்கும் எண் அது. அதற்கு முன்னால் நிற்கும் சொல் பொதுச்சொல்லாக இருக்கக்கூடாது.

‘மூலக்கலம்’ இன்னும் மோசம். ஸ்டெம் செல்லுக்கு அந்தப் பெயர் போய்விட்டது. தமிழ்நாட்டில் குருத்தணு என்கிறார்கள், இங்கே மூலவுயிர்க்கலம் என்றும் தண்டுக்கலம் என்றும் எழுதுகிறார்கள். சிறு பிள்ளைகளுக்கு வரும் கட்டிப் புற்றுநோயான நியூரோபிளாஸ்டோமாவில், ஆபத்து கூடிய வகைக்குப் பல நாடுகளில் என்ன செய்கிறார்கள்? பிள்ளையின் சொந்த ஸ்டெம் செல்களை முன்கூட்டியே எடுத்து உறைய வைத்து, பிறகு மிக வீரியமான மருந்தால் நோய்க் கலங்களை அழித்து, எடுத்து வைத்ததைத் திரும்ப ஏற்றுகிறார்கள். பிளாஸ்டையும் மூலக்கலம் என்று அழைப்பவர் இதை எப்படி எழுதுவார்? ‘மூலக்கலங்களை அழித்துவிட்டு மூலக்கலங்களை ஏற்றுவோம்’ என்றா? கையொப்பம் இட வேண்டிய தகப்பன் பேனாவைக் கீழே வைத்துவிடுவார்.

அரும்பு அழகான சொல், கொல்லும் நோய்க்கு அது பொருந்தாது என்று ஒரு நண்பர் வாதாடினார். சொல்லுக்கு அழகைப் பார்த்தா வேலை கொடுக்கிறோம்? இந்த நோய்களில் நடப்பதே அதுதான்: மலர வேண்டியது மலராமல் அரும்பாகவே நின்று பெருகுகிறது. அந்தச் செய்தி சொல்லுக்குள் இருக்க வேண்டும்.

நியூரோபிளாஸ்டோமாவைப் பார்த்தால் இது இன்னும் தெளிவு. சென்னைத் தொலைக்காட்சியில் ‘நரம்புப் புற்றுநோய்’, நம் பத்திரிகை ஒன்றில் ‘மூளைக்கட்டி’. இரண்டும் தவறு. இந்தக் கட்டி பெரும்பாலும் தொடங்குவது சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அதிரீனல் சுரப்பியில். வயிற்றில் கட்டியாகத் தட்டுப்படும். கருவில் பரிவு நரம்புத் தொகுதியாக வளர வேண்டிய இளங்கலங்கள் வழி தவறியதால் வருவது. வளர்ந்த நரம்புக்கு இதில் பங்கில்லை. பெயர் குழப்பம் தமிழுக்கு மட்டும் உரியதும் அல்ல. 1864 இல் ஜெர்மன் நோயியலாளர் ருடோல்ஃப் விர்ஹோ ஒரு குழந்தையின் வயிற்றுக் கட்டியைப் பார்த்து, நரம்புக் கலங்களைத் தாங்கி நிற்கும் கலங்களில் வரும் கட்டியின் பெயரான ‘கிளையோமா’ என்றார். லியூக்கேமியாவுக்கு, வெண்குருதி என்ற பொருளில், 1847 இல் பெயர் வைத்தவரும் அவரே. பெரிய மனிதர்தான், இருந்தும் பிழை. 1910 இல் அமெரிக்க நோயியலாளர் ஜேம்ஸ் ஹோமர் ரைட் இந்தக் கலங்கள் நரம்பின் அரும்புகளை ஒத்திருப்பதைக் கண்டு நியூரோபிளாஸ்டோமா என்று எழுதினார். அந்தப் பெயரில் அவர் கண்டுபிடித்ததே நடுவில் நிற்கும் ‘பிளாஸ்ட்’தான். அதை வெட்டி எறிந்துவிட்டு முன்னையும் பின்னையும் ஒட்டி ‘நரம்புக்கட்டி’ என்று தருகிறோம். நரம்பரும்புக் கட்டி என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்? கண்ணில் வரும் ரெட்டினோபிளாஸ்டோமா விழித்திரை அரும்புக் கட்டி, சிறுநீரகத்தில் வருவது சிறுநீரக அரும்புக் கட்டி. ஒரு சாவி, எத்தனையோ பூட்டுகள்.

அரும்பு என்று சொன்னால் ஆராய்ச்சியின் போக்கும் தானாக விளங்கும். சில கைக்குழந்தைகளில் இந்தக் கட்டி சிகிச்சையே இல்லாமல் சுருங்கிவிடும், அல்லது முதிர்ந்து தீங்கற்றதாகிவிடும். ஜப்பான் 1980களில் ஆறு மாதக் குழந்தைகளின் சிறுநீரைச் சோதித்து இந்நோயை முன்கூட்டியே பிடிக்க நாடு முழுதும் திட்டம் நடத்தியது. பிடிபட்டவற்றில் பெரும்பகுதி தானாகவே அடங்கக்கூடியவை, இறப்பு குறைந்ததற்கு உறுதியான சான்றும் கிடைக்கவில்லை என்று 2004 இல் நிறுத்திவிட்டார்கள். மறுபக்கம், அடங்காத அரும்பை மருந்தால் முதிர வைக்க முடியுமா என்ற கேள்வி. விற்றமின் ஏயிலிருந்து பிறந்த ஐசோட்ரெட்டினோயின், முகப்பருவுக்குக் கொடுக்கும் அதே மருந்து, கடுஞ்சிகிச்சைக்குப் பிறகு கொடுக்கப்பட்டால் நோய் திரும்பாமல் இருக்கும் வாய்ப்பைக் கூட்டுவதாக 1999 இல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. லியூக்கேமியாவிலும் இப்படி ஒரு கிளை உண்டு. அரும்புக்கு அடுத்த படியில் கலங்கள் முதிராமல் நின்றுவிடும் புரோமைலோசைட்டிக் வகைக்கு, அதே குடும்பத்து மருந்தைக் கொடுத்து நோயாளிகளைத் தேற்றியதைச் சாங்காய் மருத்துவர்கள் 1988 இல் வெளியிட்டார்கள். ஆங்கிலத்தில் ‘டிஃபரன்ஷியேஷன் தெரப்பி’ எனப்படும் இந்தச் சிகிச்சை முறையை ஒருவர் தமிழில் ‘வேறுபடுத்தும் சிகிச்சை’ என்று எழுதியிருக்கிறார். யாரை யாரிடமிருந்து வேறுபடுத்துவது? முதிர்விக்கும் சிகிச்சை என்று சொன்னால் பாதி விளக்கம் முடிந்துவிடும். அரும்பு என்று முதலில் எழுதியிருந்தால் மற்றப் பாதியும்.

இந்த நாட்டில் வைத்தியசாலைத் தமிழ் எப்படிப் பிறக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். றிப்போட் ஆங்கிலத்தில், படிவம் சிங்களத்தில், கடைசியில் அச்சகத்துக்குப் போகும் அன்று பின்னேரம் யாரோ ஒருவரிடம் ‘இதைத் தமிழில் போட்டுத் தாங்கோ’ என்று கேட்பார்கள். அவருக்குக் காசும் இல்லை, நேரமும் இல்லை, வைத்தியரிடம் கேட்க வழியும் இல்லை. அவரை நான் குற்றம் சொல்லவில்லை. இயந்திரம் துப்பியதை ஒரு தமிழ் வைத்தியரிடமோ தாதியிடமோ காட்டாமல் அப்படியே அச்சிடுகிறார்களே, அவர்களைத்தான் சொல்கிறேன். தெரியாவிட்டால் ‘பிளாஸ்ட்’ என்று தமிழ் எழுத்தில் விட்டுவிடுங்கள். தூய தமிழ்க்காரர்கள் என்னைத் திட்டினாலும் பரவாயில்லை. பிழையான தமிழைவிட வைத்தியர் வாயால் சொல்லும் பிறமொழிச் சொல் மேல், குறைந்தபட்சம் அதைத் திருப்பிக் கேட்கலாம்.

எழுதுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ‘நரம்பு அரும்பு’ என்று பிரித்தால் இரண்டு தனிப் பொருள் போலத் தெரியும். நரம்பரும்பு என்று சேர்த்தே எழுதுங்கள். சிறுவரிடம் அதிகம் காணும் லியூக்கேமியா வகையான ‘அக்கியூட் லிம்போபிளாஸ்டிக் லியூக்கேமியா’வை நிணவரும்பு லியூக்கேமியா எனலாம். அதற்கு முன்னால் வரும் ‘அக்கியூட்’ நோய் வேகமாக வருவதைக் குறிப்பது, அதை எல்லோரும் ‘கடுமையான’ என்று எழுதி, குணமாகக்கூடிய நோயைக் குணமாகாததாக்கிப் பெற்றோரைப் பயமுறுத்துகிறார்கள். அதைத் தொடங்கினால் இன்னும் இவ்வளவு எழுத வேண்டிவரும்.