‘த்ராட்டில் பதில்’ அல்ல, திருகுத் துலங்கல்

கைப்பிடியை முறுக்கியதும் எஞ்சின் எப்படி ஈடுகொடுக்கிறது என்பதை ஆங்கிலத்தில் ‘த்ராட்டில் ரெஸ்பான்ஸ்’ என்பார்கள். பைக் கையேடுகளின் தமிழாக்கத்திலும் விமர்சனக் காணொளிகளின் வசனவரிகளிலும் இதற்கு ‘த்ராட்டில் பதில்’ என்ற தொடர் வேரூன்றிவிட்டது. தமிழ்ப் பற்று கொஞ்சம் கூடினால் ‘முடுக்கிப் பதில்’. ‘ஸ்போர்ட் பயன்முறையில் முடுக்கிப் பதில் கூர்மையாக உள்ளது’ என்று எழுதுகிறார்கள். படிக்கிறவருக்கு வண்டி என்ன செய்யும் என்பது இதிலிருந்து விளங்கவே விளங்காது. கேட்டால் வருவது பதில். தூண்டினால் வருவது துலங்கல். தூண்டல், துலங்கல் என்று பள்ளி அறிவியல் பாடத்திலேயே படித்துவிட்டுத்தான் வருகிறோம். அந்தச் சொல் இருக்கும்போது ‘பதில்’ எதற்கு?

பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆங்கிலத்தில் தொண்டையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது த்ராட்டில். குரல்வளையை நெரிப்பது என்பதுதான் முதல் பொருள். பிறகு நீராவி எஞ்சினில் ஆவி போகும் வழியை ஒடுக்கும் தடுக்கிதழுக்குப் பெயரானது. 1788இல் ஜேம்ஸ் வாட் தன் எஞ்சினில் பொருத்திய சுழல் கட்டுப்படுத்தி அசைத்தது இந்த இதழைத்தான். ஜெர்மன்காரர்களும் இதே உருவகத்தைப் பிடித்து ‘ட்ரோசல்கிளாப்பே’ என்கிறார்கள். அங்கேயும் தொண்டைதான், நெரிப்புதான். நமக்கு ‘நெரி’ என்ற வினை இருக்கிறது. நெரி + இதழ் = நெரியிதழ். இடையின ரகரம் என்பதைக் கவனிக்க வேண்டும். ‘நெறிப்பி’ என்று வல்லின றகரம் போட்டு எழுதுகிறவர்கள் பொருளையே மாற்றிவிடுகிறார்கள். நெறி என்றால் வழி, ஒழுங்கு. ‘கழுத்தை நெறித்தான்’ என்று செய்தித்தாள்களே அச்சிடும் காலத்தில் இந்தக் குழப்பம் எஞ்சினுக்குள்ளும் புகுந்துவிட்டது.

இனி ‘முடுக்கி’. அது நல்ல சொல். மாட்டை முடுக்குகிறோம், ஆளை முடுக்கிவிடுகிறோம், இயற்பியலில் முடுக்கம் இருக்கிறது. ஆக்சிலரேட்டருக்கு முடுக்கி என்பது சரி. த்ராட்டிலுக்கு அதையே வைப்பதுதான் தவறு. முடுக்குவது என்றால் பின்னாலிருந்து தள்ளுவது. பெட்ரோல் எஞ்சினில் இந்த இதழ் எதையும் தள்ளுவதில்லை. எஞ்சின் தானே காற்றை இழுக்கிறது. இதழ் அதன் வழியை மறித்து நிற்கிறது. வண்டி ஐடிலிங்கில் நிற்கும்போது இதழ் கிட்டத்தட்ட மூடியே இருக்கும், எஞ்சின் மூச்சுத் திணறிக்கொண்டு மெதுவாக ஓடும். கையை முறுக்கினால் நெரிப்பு தளரும். நடப்பது அவ்வளவுதான்.

ஐயம் இருந்தால் டீசல் லாரியைப் பாருங்கள். காலடியில் முடுக்கி மிதி இருக்கிறது. ஆனால் அந்த எஞ்சினின் திறனைக் கூட்டிக் குறைப்பது காற்றை மறிக்கும் இதழ் அல்ல. எவ்வளவு டீசல் பீய்ச்சப்படுகிறது என்பதுதான். மின்சார ஸ்கூட்டரில் இதழே இல்லை, கைப்பிடி மட்டும் இருக்கிறது. ஆக, முடுக்கி வேறு, நெரியிதழ் வேறு, கையில் இருக்கும் பிடி வேறு. பிடிக்குத் ‘திருகுபிடி’ என்று பெயர் வைக்கலாம். ‘முறுக்குபிடி’ என்றும் சொல்லலாம், மெக்கானிக் வாயில் ‘முறுக்கு’தான் வரும். ஆனால் டார்க்கை, அதாவது எஞ்சினின் சுழற்றும் வலுவை, ‘முறுக்கு விசை’ என்று பலர் எழுதுவதால், ‘முறுக்கு கூடுகிறது’ என்றால் கையா எஞ்சினா என்று தெரியாமல் போகும்.

இதை வெறும் சொற்பிடிவாதம் என்று நினைத்துவிட வேண்டாம். பழைய வண்டியில் பிடியையும் இதழையும் எஃகு கேபிள் கட்டியிருந்தது. பிடி பாதி திரும்பினால் இதழும் பாதி திறக்கும். அப்போது மூன்றுக்கும் ஒரே பெயர் வைத்தாலும் பெரிய நட்டமில்லை. கேபிளுக்குப் பதில் மின்கம்பி வழியே செய்தி போகும் ரைட்-பை-வயர் வந்த பிறகு கதை வேறு. பிடியின் கோணத்தை உணரி அளக்கிறது, இசியு என்ற எஞ்சின் கணினி கணக்குப் போடுகிறது, சிறிய மோட்டார் இதழைத் திருப்புகிறது. ரெயின், ஸ்போர்ட் என்று ஓட்டுபவர் தேர்ந்தெடுக்கும் மோடு குடியிருப்பது பிடிக்கும் இதழுக்கும் நடுவே உள்ள அந்தக் கணக்கில்தான். பிடிக்கும் இதழுக்கும் ‘முடுக்கி’ என்று ஒரே பெயரை வைத்துவிட்டால், நடுவில் இருப்பதை எந்த வார்த்தையால் விளக்குவது? ‘முடுக்கி கால்வாசி திரும்பினால் முடுக்கி எவ்வளவு திறக்கும்’ என்றா எழுத முடியும்?

மோடை ‘வேக முறை’ என்று எழுதுகிறவர்களும் இங்கேதான் இடறுகிறார்கள். 2020இல் பாரத் ஸ்டேஜ் 6 புகைக் கட்டுப்பாட்டு விதிக்கு ஏற்ற வடிவில் வந்த டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310ஐ எடுத்துக்கொள்வோம். ஓசூரில் உருவாகும் வண்டி. ரெயின், அர்பன், ஸ்போர்ட், டிராக் என நான்கு மோடு. ஸ்போர்ட்டிலும் டிராக்கிலும் உச்சத் திறன் 34 பி.எஸ். (குதிரைத்திறன் அலகு), ரெயினிலும் அர்பனிலும் 25.8 பி.எஸ். ரெயினுக்கும் அர்பனுக்கும் உச்சம் ஒன்றே. ஆனாலும் இரண்டும் ஒன்றல்ல. திருகுபிடிக்கு எஞ்சின் காட்டும் திருகுத் துலங்கலும், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் குறுக்கிடும் அளவும் மாறுகின்றன. வேகத்தை வைத்துப் பெயரிட்டால் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லவே முடியாது.

துலங்கல் ஏன் இவ்வளவு உறைக்கிறது என்றால், இதழ் திறப்பதும் காற்று நுழைவதும் சமவிகிதத்தில் நடப்பதில்லை. குறைந்த ஆர்பிஎம்மில் இதழ் முதல் சில பாகை திறக்கும்போதே காற்று சரசரவென்று கூடிவிடும். பாதி திறப்பதற்குள் எஞ்சின் இழுக்கக்கூடியதில் பெரும்பங்கு கிடைத்துவிடும். ஈரச் சாலையில், வளைவில் கையை மெல்ல முறுக்கும் அந்த முதல் பாகத்தை நீட்டிக் கொடுப்பதுதான் ரெயின் மோடின் வேலை. ஸ்போர்ட் அதைச் சுருக்கிவிடும். டிராஃபிக்கில் ஸ்போர்ட்டில் போனால் வண்டி வெட்டி வெட்டிப் போவதற்கும் இதுவே காரணம்.

ஆனால் வெட்டெல்லாம் மோடால் வருவதில்லை. கேபிள் வண்டி என்றால் திருகுபிடியின் விளிம்பில் வெற்று ஆட்டம், அதாவது இதழை அசைக்காமல் பிடி மட்டும் திரும்பும் அளவு, பெரும்பாலும் 2 முதல் 6 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்று கையேட்டில் இருக்கும். கூடினால் கை திரும்பியும் ஒன்றும் நடக்காமல், பிறகு திடுமென்று இழுக்கும். அறவே இல்லையென்றால் ஹேண்டிலைக் கடைசிவரை திருப்பும்போது ஐடிலிங் ஏறும். எந்த வண்டியானாலும் செயின் தளர்ந்திருந்தாலும், இதழின் ஓரத்தில் கரி படிந்திருந்தாலும் சிறு திறப்பில் வெட்டும். இவற்றைப் பார்க்காமல் மோடை மாற்றிக்கொண்டே இருந்தால் பயனில்லை.

மோடுக்கு வருவோம். ‘பயன்முறை’ செல்பேசியிலிருந்து இறங்கியது. எதைப் பயன்படுத்தினாலும் முறை உண்டு. அந்தச் சொல் எதையும் உணர்த்தவில்லை. வண்டி நடந்துகொள்ளும் விதத்தைச் சொல்ல ‘பாங்கு’ பொருந்தும்: ஓட்டப் பாங்கு. ஆனால் திரையில் தெரியும் பெயர்களை மொழிபெயர்க்கக் கூடாது. திரையில் ‘அர்பன்’ என்று இருக்க, கையேட்டில் ‘நகர்ப்புறப் பயன்முறை’ என்று போட்டால் ஓட்டுபவர் எதைத் தேடுவார்? ஏத்தர் மின்சார ஸ்கூட்டரில் உள்ள ‘வார்ப்’ மோடை என்னவென்று தமிழாக்குவது? பெயர் பெயராகவே இருக்கட்டும், விளக்கம் தமிழில் வரட்டும்.

மொழிபெயர்ப்பாளர்கள் ஒருமுறையாவது வண்டியின் மேல் உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுத வேண்டும். பல வண்டிகளில் ஓடும்போது பாங்கை மாற்ற, திருகுபிடி முழுக்கத் தளர்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் இசியு ஏற்காது, திரையில் பெயர் மின்னிக்கொண்டே நிற்கும். இதற்குத் தமிழில் காணக் கிடைப்பது: ‘பயன்முறையை மாற்ற முடுக்கியை மூடவும்.’ எதை மூடுவது, எந்த மூடியால்? ‘கையை முழுக்க விடு’ என்று எந்த மெக்கானிக்கும் சொல்லிவிடுவார். கையேட்டில் இப்படி இருந்தால் போதும்: ‘திருகுபிடியை முழுவதும் தளர்த்துங்கள். புதிய பாங்கின் பெயர் திரையில் மின்னாமல் நின்ற பிறகு மெல்லத் திருகுங்கள்.’