ஐகான்: சின்னம் அன்று, சாயல்

கைப்பேசித் திரையில் விரல் தொடும் சிறுபடம், ரசிகர்கள் கொண்டாடும் நடிகர், ஆர்த்தடாக்ஸ் திருச்சபையினர் மெழுகுதிரி ஏற்றி முத்தமிடும் பலகை ஓவியம் ஆகிய மூன்றுக்கும் இன்று ‘ஐகான்’ என்ற ஒரே சொல் வழங்குகிறது. இவற்றுள் மூத்தது பலகை ஓவியமே. கிரேக்கத்தில் ‘எய்கோன்’ என்பது ‘ஒத்திருத்தல்’ என்னும் பொருள் தரும் வினையோடு உறவுடைய பெயர்ச்சொல். ஒன்றைப் போல அமைந்த உரு என்பதே அதன் அடிப்படைப் பொருள். இத்தகைய உருக்களை வணங்கலாமா என்ற பூசல் பைசாந்தியப் பேரரசை எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டுகளில் உலுக்கியது. உருவுக்குச் செய்யும் மரியாதை அவ்வுருவுக்கு உரியவரையே சென்றடையும் என்று 787இல் கூடிய திருச்சபை ஆயர்களின் இரண்டாம் நைசீயப் பேரவை தீர்ப்புரைத்தது.

ஆகவே இதைச் ‘சின்னம்’ என்று பெயர்ப்பது பிழை. சின்னம் என்பது அடையாளக் குறி. அதற்கு ஒப்புமை தேவையில்லை. தேர்தலில் குடைச் சின்னத்தில் நிற்பவர் குடையைப் போல இருந்தாக வேண்டியதில்லை அல்லவா? ‘படிமம்’ என்பது வடமொழிப் ‘பிரதிமா’ பிராகிருதத்தின் வழியே வந்து தமிழான சொல். பொருளால் மிக நெருங்கியது என்றாலும், கவிதைத் திறனாய்வும் மருத்துவத் துறையும் அதைத் தமக்கென எடுத்துக்கொண்டுவிட்டன. கடவுள் மனிதனைத் தம் சாயலாகப் படைத்தார் என்று சொல்லுமிடத்தில் கிரேக்கப் பழைய ஏற்பாடு ஆளும் சொல் ‘எய்கோன்’. தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பு அங்கே ‘சாயல்’ என்கிறது. வேர்ப்பொருளை விளக்க இதனினும் பொருத்தமான சொல் எனக்குத் தோன்றவில்லை. கலைச்சொல்லாக ஆள்வதற்குத் ‘திருவுருவ ஓவியம்’ போதும். கணினிக்குப் ‘படவுரு’ இருக்கிறது. நடிகருக்கு எந்தச் சொல்லும் வேண்டியதில்லை.

வினைச்சொல்லைப் பொறுத்தவரை தமிழுக்குக் கூடுதலான வசதி ஒன்று உண்டு. எழுதுவதையும் வரைவதையும் கிரேக்கர் ‘கிராஃபோ’ என்ற ஒரே வினையால் குறித்தனர். திருவுருவ ஓவியம் ‘எழுதப்படுவது’ என்று ஆர்த்தடாக்ஸ் மரபில் சொல்வதும் அதனாலேயே. தமிழிலும் சித்திரம் எழுதுதல், கண்ணுக்கு மை எழுதுதல் என்பன பழைய வழக்குகள்.

இச்சொல்லின் முழு ஆழத்தையும், எல் கிரெக்கோ என்று உலகம் அழைக்கும் டொமெனிக்கோஸ் தியோட்டோகோப்பூலோஸின் வாழ்வில் காணலாம். 1541இல், வெனிஸ் நகரத்தாரின் ஆட்சியில் இருந்த கிரீட் தீவில் பிறந்து, அங்கேயே திருவுருவ ஓவியராகத் தேர்ந்த அவர், 1567ஐ ஒட்டி வெனிசுக்கும் பின்னர் ரோமுக்கும் சென்று, 1577இல் ஸ்பெயினின் டொலேடோவை அடைந்து, 1614இல் இறக்கும் வரை அங்கேயே வாழ்ந்தார். ‘கிரெக்கோ’ என்றால் கிரேக்கன். அதுவும் ஸ்பானியச் சொல் அன்று, இத்தாலியச் சொல். பிறர் இட்ட அந்தப் பெயரைத் தம் படங்களில் பொறிக்காமல், தம் முழுப் பெயரைக் கிரேக்க எழுத்தில் இட்டு, சில வேளைகளில் ‘கிரீட்டான்’ என்றும் சேர்த்துக்கொண்டார்.

கிரீட்டில் அவர் எழுதிய ‘மரியன்னையின் துயில்’ என்னும் பலகை சீரோஸ் தீவின் தேவாலயம் ஒன்றில் இருந்தது. அதிலுள்ள கையொப்பம் 1983இல்தான் கண்டறியப்பட்டது. அன்னையின் இறப்பைக் காட்டும் இக்காட்சியை எழுதும் மரபில், கிடத்தப்பட்ட அன்னையைச் சீடர்கள் சூழ்ந்து நிற்க, அவளுடைய ஆன்மாவைத் துணி சுற்றிய குழந்தையாகக் கிறிஸ்து ஏந்தியிருப்பார். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின், 1586 முதல் 1588 வரை, டொலேடோவின் சான்டோ தோமே கோயிலுக்காக அவர் வரைந்த ‘ஓர்காஸ் பிரபுவின் அடக்கம்’ முற்றிலும் ஸ்பானியக் காட்சி: கறுப்பு உடையும் வெள்ளைக் கழுத்துப்பட்டையும் அணிந்த நகரப் பெருமக்கள் கீழே வரிசையாக நிற்கிறார்கள். ஆனால் மேலே நோக்கினால், பிரபுவின் ஆன்மாவை மங்கலான குழந்தை உருவில் ஒரு வானதூதர் முகில்களின் இடுக்கு வழியே ஏந்திச் செல்கிறார். இதைச் சின்னம் என்றோ குறியீடு என்றோ எழுதினால், விட்டு வந்த தீவின் பலகையிலிருந்து டொலேடோவின் சுவருக்கு வந்து சேர்ந்த சாயல் கண்ணுக்குத் தப்பிவிடும்.

இளமைப் பலகைகளில் திருவுருவ ஓவியர் வழக்கப்படி ‘டொமெனிக்கோஸின் கை’ என்று ஒப்பமிட்டவர், இப்படத்தில் முன்னால் நிற்கும் தம் மகனின் சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்க்கும் கைக்குட்டையில் தம் பெயரைக் கிரேக்கத்தில் எழுதி, அதன் கீழே அச்சிறுவன் பிறந்த 1578ஆம் ஆண்டைக் குறித்திருக்கிறார்.