வண்டிகள் வராத மலைச்சாலையில் சைக்கிள்: உடல் தாங்குமா என்று பார்த்தீர்களா?

சைக்கிளில் அடிபட்டு என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோரை எந்த வண்டியும் இடிக்கவில்லை. இயன்முறை மருத்துவர் என்பதால் காயம் எப்படி ஏற்பட்டது என்று விரிவாகக் கேட்பேன். பதில் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும்: நல்ல சாலை, ஆள் நடமாட்டமே இல்லை, இறக்கத்தில் வந்துகொண்டிருந்தேன், விழுந்துவிட்டேன். விழாமலே வலியோடு வருபவர்களும் உண்டு. முழங்காலின் முன்புறம் வலிக்கிறது, சுண்டுவிரல் மரத்துப்போகிறது, கழுத்தைத் திருப்ப முடியவில்லை என்பார்கள். அவர்களும் போய்வந்தது மலையடிவாரத்துக் கிராமச் சாலையாகவோ ஏரியைச் சுற்றிவரும் பாதையாகவோ இருக்கும்.

நெரிசலை விட்டு விலகிச் சைக்கிள் ஓட்டுவதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். மூட்டுக்கும் இதயத்துக்கும் மனத்துக்கும் அதைவிட நல்ல பயிற்சிகள் அதிகம் இல்லை. ஆனால் பாதையைத் தேர்ந்தெடுக்கும்போது வண்டி வருமா வராதா என்பதை மட்டும் பார்த்துவிட்டு, அந்த மலை நம் உடலிடம் எவ்வளவு கேட்கும் என்பதைப் பார்க்காமல் விடுகிறோம். நான் காணும் காயங்களில் பலவும் அங்கேதான் தொடங்குகின்றன.

சமதரையில் களைத்துப்போனால் மிதிப்பதைக் குறைத்து மெதுவாகப் போகலாம். செங்குத்தான ஏற்றத்தில் அந்தச் சலுகை கிடையாது. வேகம் ஓர் அளவுக்குக் கீழே போனால் சைக்கிள் நிமிர்ந்து நிற்காது. ஓட்டுபவரும் சைக்கிளும் சேர்ந்து 90 கிலோ, ஏற்றம் 10 சதவீதம், அதாவது 100 மீட்டருக்கு 10 மீட்டர் உயர்வு என்று வைத்துக்கொள்ளுங்கள். நடைவேகத்தைச் சற்றே தாண்டிய 6 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்தாலும் ஏறத்தாழ 150 வாட் திறனை இடைவிடாமல் கொடுத்தாக வேண்டும். பழக்கம் உள்ளவருக்கு இது சாதாரணம். பல ஆண்டுகள் நாற்காலியில் கழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கியவருக்கு இது அவருடைய உச்ச உழைப்புக்கு அருகில் இருக்கும். மெதுவாகத்தானே போகிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பார். இதயமோ முழு வேகத்தில் அடித்துக்கொண்டிருக்கும். நாற்பதைத் தாண்டியவர்கள், இரத்த அழுத்தமோ சர்க்கரை நோயோ உள்ளவர்கள், குடும்பத்தில் இளவயதிலேயே மாரடைப்பு கண்டவர்கள் மலை ஏறத் தொடங்குமுன் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். ஏறும்போது நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடக்கைக்கோ பரவும் வலி, தலைசுற்றல், வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் வந்தால் உச்சி நெருங்கிவிட்டது என்று பார்க்க வேண்டாம். அங்கேயே நிறுத்தி உதவி கேளுங்கள்.

இறங்கித் தள்ளிக்கொண்டு நடப்பதில் எந்த இழுக்கும் இல்லை. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

முழங்கால் வலிக்கு நான் முதலில் பார்ப்பது சைக்கிளின் கியரைத்தான். முன் பற்சக்கரத்தில் 34 பல், பின் பற்சக்கரத்தில் 34 பல் என்று அமைந்தால் மிதிகட்டை ஒரு சுற்றுச் சுற்றும்போது சக்கரமும் ஒரு சுற்றுச் சுற்றும், சைக்கிள் ஏறத்தாழ 2.1 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 70 சுற்று மிதித்தால் மணிக்கு 9 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான வேகம் கிடைக்கும். பின்னால் இருக்கும் பெரிய பற்சக்கரம் 25 பல் மட்டுமே என்றால், அதே வேகத்துக்கு நிமிடத்துக்கு 51 சுற்றுதான் மிதிப்பீர்கள். ஆனால் ஒவ்வொரு மிதிக்கும் அதிகமாக அழுத்த வேண்டும். அந்தக் கூடுதல் அழுத்தம் முழங்கால் சில்லுக்கும் தொடை எலும்புக்கும் இடையில் போய் விழுகிறது. மலைக்குப் போகிறவர் கடையில் சொல்லிப் பின்சக்கரத்துக்குப் பெரிய பற்சக்கரம் போட்டுக்கொள்வது, நான் தரும் பல உடற்பயிற்சிகளைவிட முழங்காலுக்கு நல்லது. இருக்கை தாழ்ந்திருந்தாலும் இதே இடத்தில் வலிக்கும். மிதிகட்டை அடிமட்டத்தில் இருக்கும்போது முழங்கால் 25 முதல் 35 பாகை வரை மடங்கியிருக்க வேண்டும். மலைப் பயணத்துக்கு முந்தின நாள் இருக்கையின் உயரத்தை மாற்றாதீர்கள். மாற்றுவதானால் சில வாரங்களுக்கு முன்பே சிறிது சிறிதாக மாற்றுங்கள்.

வரைபடத்தில் தூரத்தைப் பார்ப்பதுபோல ஏற்ற இறக்கத்தையும் பாருங்கள். சம உயரக் கோடுகள் நெருங்கியிருக்கும் இடம் செங்குத்தானது. சராசரிச் சரிவை மட்டும் நம்பாதீர்கள். 5 கிலோமீட்டரில் 300 மீட்டர் உயர்வு என்றால் சராசரி 6 சதவீதம். அதற்குள் 14 சதவீதத் துண்டு ஒன்று ஒளிந்திருக்கலாம். சுற்றுப்பாதை என்றால் எந்தத் திசையில் சுற்றுவது என்பதும் முக்கியம். செங்குத்தான பக்கம் ஏறி, சாய்வான பக்கம் இறங்கும்படி அமைத்துக்கொள்ளுங்கள். ஏறும்போது முடியாவிட்டால் நடக்கலாம். செங்குத்தான இறக்கத்தில் கை ஓய்ந்துபோனால் அப்படித் தப்ப வழியில்லை. மலையை முற்பகலிலும் ஏரிக்கரையைப் பிற்பகலிலும் வைத்துக்கொள்ளச் சொல்வதும் இதனால்தான்: களைத்த உடலோடு இறக்கத்தில் இருக்கக் கூடாது.

இறக்கத்தைப் பலர் ஓய்வு என்றே எண்ணுகிறார்கள். கால்களுக்கு அது ஓய்வுதான். அதே 90 கிலோ எடை 500 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும்போது ஏறத்தாழ 4,40,000 ஜூல் ஆற்றலைக் காற்றும் பிரேக்கும் பங்கிட்டு உள்வாங்க வேண்டும். ஒரு லிட்டருக்கும் அதிகமான தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். பயந்து பிரேக்கைத் தொடர்ந்து லேசாகப் பிடித்தபடியே இறங்கினால் காற்றின் பங்கு குறைந்து பெரும்பகுதி வெப்பம் பிரேக்கில் சேர்கிறது. சக்கர விளிம்பையே பிடிக்கும் ரிம் பிரேக் என்றால் அந்த விளிம்பு, அதாவது ரிம், சூடாகி, டயருக்குள் அழுத்தம் ஏறி, டியூப் வெடிக்கலாம். சக்கரத்தின் நடுவில் உள்ள தட்டைப் பிடிக்கும், திரவத்தால் இயங்கும் டிஸ்க் பிரேக்கில் திரவம் கொதித்துவிட்டால் பிடி தொளதொளவென்று கைப்பிடிவரை வந்துவிடும். நேரான பகுதியில் நன்றாக நிமிர்ந்து உட்கார்ந்து காற்றைத் தடுப்பாக்குங்கள், வளைவுக்கு முன்பே இரண்டு பிரேக்கையும் உறுதியாகப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள், பிறகு விடுங்கள். வேகம் 20இலிருந்து 40 ஆனால் நிறுத்தத் தேவையான ஆற்றல் இரு மடங்கல்ல, நான்கு மடங்கு.

கைகளுக்கு இறக்கம் கடினமான வேலை. பிரேக்கை அழுத்தும் முன்கைத் தசைகள் ஓய்வின்றி இறுகி நிற்கின்றன. உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்கம் கைப்பிடியில் அழுந்துகிறது. அந்தப் பக்கம் மணிக்கட்டருகே ஒடுங்கிய வழியாக அல்னார் நரம்பு போகிறது. அது நசுங்கும்போது சுண்டுவிரலும் மோதிரவிரலின் பாதியும் மரத்துப்போகும். சில மணி நேரத்தில் சரியானால் கவலையில்லை. மறுநாளும் மரப்பு நீடித்தாலோ, விரல்களை அகல விரிக்க வலுவில்லாமல் போனாலோ சிகிச்சை தேவை. நீண்ட இறக்கத்தில் பாதியில் நின்று கைகளை உதறிக்கொள்ளுங்கள். ரிம்மும் அதற்குள் ஆறும்.

வண்டிகள் அதிகம் ஓடும் சாலையில் சக்கரங்களே சரளையையும் மணலையும் தள்ளிச் சுத்தம் செய்துவிடுகின்றன. ஆளில்லாத சாலையில் அதற்கு வழியில்லை. சென்ற மழை அடித்துவந்த கற்கள் அப்படியே கிடக்கும். வளைவின் வெளி ஓரத்திலும் சாலையின் நடுவரியிலும் அவை குவிந்திருக்கும். நிழல் விழும் வளைவுகளில் ஈர இலையும் பாசியும் இருக்கும். சாய்ந்து திரும்பும்போது டயர் பிடிமானத்தை இழந்தால் சமாளிக்க நேரமே கிடைக்காது. கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் நிறுத்த முடிகிற வேகம்தான் அங்கே சரியான வேகம். வளைவுக்கு அப்பால் ஆடுமாடுகளோ, டிராக்டரோ, கிளைகளை வெட்டிப் போட்டுவிட்டு நிற்கும் மனிதரோ இருக்கலாம்.

மலைமேல் ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழ 6.5 டிகிரி செல்சியஸ் வெப்பம் குறைகிறது. ஏறி வந்த வியர்வை ஈரத்தோடு உச்சியிலிருந்து வேகமாக இறங்கினால் விரல்கள் விறைத்து பிரேக் பிடிக்கும் வலுவே போய்விடும். காற்றுப் புகாத மெல்லிய சட்டை ஒன்றும் முழு விரல் கையுறையும் பையில் இருக்கட்டும். உச்சியில் இறக்கம் தொடங்குமுன்பே அணிந்துகொள்ளுங்கள்.

ஏரிக்கரை எளிது என்று நினைப்பவர்களுக்குக் கழுத்தும் முதுகும் வேறு கதை சொல்லும். ஏற்ற இறக்கம் இருந்தால் உடல் நிலை மாறிக்கொண்டே இருக்கும்; சமதரையில் மணிக்கணக்காக ஒரே நிலையில் மிதிக்கிறோம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இருக்கையிலிருந்து எழுந்து மிதியுங்கள், கையின் பிடியை மாற்றுங்கள். தொடையிடுக்கில் மரத்துப்போனால் சகித்துக்கொள்ள வேண்டாம். இருக்கை உங்களுக்குப் பொருந்தவில்லை என்று பொருள். பகல் ஏறினால் ஏரியிலிருந்து கரையை நோக்கிக் காற்று வீசும். திறந்த நீர்ப்பரப்பில் அதைத் தடுக்க எதுவும் இல்லை. போகும்போது எதிர்காற்று, திரும்பும்போது பின்காற்று என்று திட்டமிட முடிந்தால் நல்லது. விடியலில் நீர்மேல் மூடுபனி படர்ந்திருக்கும். சூரியன் தாழ்ந்திருக்கும்போது நீரில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம் கண்ணைக் கூச வைக்கும். உங்களுக்குக் கூசினால் எதிரே வரும் வண்டியோட்டிக்கும் கூசும். விளக்கைப் பகலிலும் எரியவிடுங்கள்.

ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டும் பயணத்தில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். தாகத்துக்கு ஏற்பக் குடியுங்கள். வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறையும் ஆபத்து உண்டு.

விழுந்துவிட்டால் கையை ஊன்றி விழுவதுதான் வழக்கம். அதனால் மணிக்கட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன். கட்டைவிரலை விரித்துத் தூக்கினால் அதன் அடியில் ஒரு சிறு குழி தெரியும். விழுந்த பிறகு அந்தக் குழியை அழுத்தினால் வலிக்கிறது என்றால், அதனடியில் இருக்கும் ஸ்காபாய்டு என்னும் சிறு எலும்பு முறிந்திருக்கலாம். முதல் எக்ஸ்ரேயில் இந்த முறிவு தெரியாமல் போவது உண்டு. ‘எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது, வெறும் சுளுக்கு’ என்று தைலம் தடவிக்கொண்டு, வலுவிழந்த மணிக்கட்டோடு மாதங்கள் கழித்து வருபவர்களைப் பார்க்கும்போது மனம் கனக்கிறது. இந்த எலும்புக்கு இரத்தம் விரல் பக்க முனையிலிருந்து உள்ளே போகிறது. முறிந்தால் மறுமுனைத் துண்டு இரத்தம் கிடைக்காமல் மடியலாம். குழியில் வலி இருந்தால் கையை அசையாமல் கட்டிவைத்து, 10 முதல் 14 நாட்களில் மீண்டும் படம் எடுக்க வேண்டும். அல்லது எம்ஆர்ஐ பார்க்க வேண்டும்.

தலையில் அடிபட்டவர் எழுந்து நின்று ‘ஒன்றுமில்லை, போகலாம்’ என்பார். அன்று அவரைச் சைக்கிளில் ஏறவிடாதீர்கள். தலைவலி கூடிக்கொண்டே போவது, திரும்பத் திரும்ப வாந்தி, குழப்பமான பேச்சு, அளவுக்கு மீறிய தூக்கம், கண்பாவைகள் இரண்டும் வேறு வேறு அளவில் தெரிவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனை. மலைப்பகுதியில் கைபேசிக்குச் சிக்னல் கிடைக்காத இடங்கள் பல. எந்தப் பாதை, எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். இணையம் இல்லாமலும் திறக்கும்படி வரைபடத்தை முன்பே கைபேசியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அடி வாங்கிய ஹெல்மெட்டில் விரிசல் தெரியாவிட்டாலும் அதை மறுபடி அணியாதீர்கள். உள்ளே இருக்கும் நுரை ஒருமுறை நசுங்கினால் அடுத்த அடியைத் தாங்காது.