காதுக்கென்று ஒரு நாவல்

சிறார் நாவல் வாங்கப் போகிறவர்கள் முதலில் பின்னட்டையைத் திருப்பி வயது வரம்பைப் பார்ப்பார்கள். குழந்தை தானாக வாசிக்கப் போகிறது என்றால் அந்த எண் ஓரளவு உதவும். ஒருவர் உரக்க வாசிக்க, வீடே உட்கார்ந்து கேட்கப் போகிறது என்றால் அதை நம்ப வேண்டாம். அது கண்ணை மனத்தில் வைத்துப் போட்ட எண். இங்கே வேலை காதுக்கு.

இந்த வேறுபாட்டை விளக்க 1986இல் பிலிப் கஃப், வில்லியம் டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் எளிய சமன்பாடு ஒன்றை முன்வைத்தார்கள். எழுத்தைச் சொல்லாக மாற்றும் திறனையும் பேச்சைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவதே வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன். கூட்டல் இல்லை, பெருக்கல். ஒன்று பூஜ்யமானால் மற்றது எவ்வளவு பெரிதாக இருந்தாலும் விடை பூஜ்யம்தான். ஏழு வயதுக் குழந்தைக்கு முதல் எண் சிறியது, இரண்டாவது எண் பெரியது. எழுத்துக் கூட்டி ஒரு பத்தியைக் கடக்கவே திணறும் அதே குழந்தை, பெரியவர்கள் பேசும் ஊர்வம்பை ஒரு வரி விடாமல் புரிந்துகொள்வதை எந்த வீட்டிலும் பார்க்கலாம். நாம் வாசித்துக் காட்டும்போது முதல் எண்ணின் சுமை நம்முடையதாகிவிடுகிறது. குழந்தையிடம் மிஞ்சுவது பெரிய எண் மட்டும். அதனால் அது தானாக வாசிக்கும் புத்தகத்தைவிடச் சற்றே சிக்கலான கதையைத் தயங்காமல் எடுக்கலாம். இந்த இரண்டு திறன்களும் சமநிலைக்கு வருவது பொதுவாக ஏழாம், எட்டாம் வகுப்பு வாக்கில்தான். 'அவளே வாசிக்கக் கற்றுக்கொண்டாள், இனி எதற்கு நாம்?' என்று இரண்டாம் வகுப்பிலேயே நிறுத்திவிடுவது ரொம்பவும் அவசரம்.

ஆனால் காதுக்கு ஒரு பெரிய குறை உண்டு. அதற்குத் திரும்பிப் பார்க்கத் தெரியாது. மௌனமாக வாசிக்கும் தேர்ந்த வாசகரின் கண்கூட ஒரே சீராக முன்னே போவதில்லை. கண்ணசைவுகளில் ஏறத்தாழ நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வரை பின்னோக்கிப் போகின்றன. புரியாத இடத்துக்குக் கண் தானாகவே திரும்பிவிடுகிறது. கேட்பவருக்கு அந்த வசதி இல்லை. ஒலியைத் தற்காலிகமாகப் பிடித்து வைத்திருக்கும் நினைவும் மிகச் சிறியது. ஆலன் பேட்லியும் சக ஆய்வாளர்களும் 1975இல் காட்டியபடி, சுமார் இரண்டு நொடிகளில் சொல்லி முடிக்கக்கூடிய அளவுதான் அதில் தங்கும்.

வினைமுற்றைக் கடைசியில் வைக்கும் தமிழில் இது கூடுதலாகவே உறுத்தும். இந்த வாக்கியத்தை உரக்கச் சொல்லிப் பாருங்கள்: 'முந்தின நாள் ஆற்றங்கரையில் கண்டெடுத்த சாவியைத் தாத்தாவின் பெட்டிக்குள் ஒளித்து வைத்திருந்த மாறனின் தங்கை கதவைத் திறந்தாள்.' சாவியை ஒளித்தது மாறனா, தங்கையா? கண்ணால் வாசிப்பவர் ஒரு கணம் நின்று யூகித்துக்கொள்வார். கேட்கும் குழந்தை அங்கேயே கதையை விட்டுவிடும். இதையே 'மாறனுக்கு முந்தின நாள் ஆற்றங்கரையில் ஒரு சாவி கிடைத்தது. தாத்தாவின் பெட்டிக்குள் ஒளித்து வைத்தான். இப்போது கதவைத் திறந்தவள் அவன் தங்கை' என்று எழுதியிருந்தால் சிக்கலே இல்லை. செய்தி ஒன்றுதான், சொற்களும் ஏறக்குறைய அவைதான். முதல் வாக்கியத்தின் எச்சங்களையெல்லாம் கடைசிவரை மனத்தில் சுமக்க வேண்டும். இரண்டாவதில் ஒவ்வொன்றும் உடனுக்குடன் இறங்கிவிடுகிறது. ஆகவே புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது முதல் பக்கத்தை நம்பாமல் நடுவில் எங்காவது பிரித்து ஒரு பக்கத்தை வாய்விட்டு வாசியுங்கள். முதல் பக்கத்தை எல்லா எழுத்தாளர்களும் இழைத்து இழைத்து எழுதியிருப்பார்கள். மூச்சு எங்கே முட்டுகிறது என்பதை நடுப்பக்கம் காட்டிக்கொடுக்கும்.

அச்சில் தெரிந்து ஒலியில் காணாமல் போகிறவை இன்னும் சில உண்டு. கண்ணன், கண்ணப்பன், கண்ணம்மா என்று ஒரே கதையில் மூவர் வந்தால் கண் பிரித்தறியும், காது குழம்பும். கனவையோ பழைய நினைவையோ சாய்வெழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். சாய்வெழுத்துக்கு ஏது ஓசை? 'சொன்னான்', 'கேட்டாள்' எதுவும் இல்லாமல் பக்கம் முழுக்க உரையாடலாகவே ஓடினால் வாசிப்பவர் ஆளுக்கொரு குரல் வைத்தே தீர வேண்டும். அங்கேயும் ஒரு தொல்லை காத்திருக்கிறது. உரக்க வாசிக்கும்போது கண், குரலுக்கு ஏறத்தாழ அரை நொடி மட்டுமே முன்னால் ஓடுகிறது. தமிழில் உரையாடல் முடிந்த பிறகுதான் 'என்று காதோடு காதாகச் சொன்னாள்' என்று வரும். அதற்குள் நீங்கள் அந்த ரகசியத்தைத் தெருவுக்கே கேட்கும்படி முழங்கி முடித்திருப்பீர்கள். மேற்கோள் குறியைக் கண்டதும் கண்ணை அதன் முடிவுக்கு ஒருமுறை ஓட்டிவிட்டு வருவது நல்ல பழக்கம்.

அப்படியானால் எளிய சொற்களே போதுமா? இல்லை. வாக்கியம் எளிதாக இருக்க வேண்டும், சொல் எளிதாக இருக்க வேண்டியதில்லை. ஆங்கிலத்தை வைத்து ஹேய்ஸ், ஆரன்ஸ் இருவரும் 1988இல் வெளியிட்ட கணக்குப்படி, சிறார் புத்தகங்களில் ஆயிரம் சொற்களுக்கு ஏறத்தாழ 31 அரிய சொற்கள் வருகின்றன. கல்லூரியில் படித்த பெரியவர்களின் பேச்சிலோ சுமார் 17தான். பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் இடைவெளி அதிகம் என்பதால், புத்தகத் தமிழ் குழந்தையின் காதில் இயல்பாக விழும் முக்கியமான வாய்ப்புகளில் இந்த வாசிப்பும் ஒன்று. அதற்காகவே, படித்துக்கொண்டே பேச்சுத் தமிழுக்கு மாற்றிச் சொல்வதைக் கூடுமானவரை தவிர்க்கலாம் என்பேன். புரியாத சொல்லுக்கு மட்டும் நின்று பொருள் சொன்னால் போதும். அந்த நிறுத்தத்துக்குப் பலன் உண்டு. வார்விக் எல்லி 1989இல் வெளியிட்ட ஆய்வில், கதையை வெறுமனே கேட்ட குழந்தைகளின் சொல்லறிவு சுமார் 15 சதவீதம் கூடியது; இடையில் சுருக்கமாகப் பொருளும் கேட்டவர்களுக்கு அது 40 சதவீதத்தைத் தொட்டது. சுருக்கமாக என்பதை மறக்கக் கூடாது. ஒரு சொல்லுக்கு இலக்கண வகுப்பு எடுத்தால் கதை செத்துவிடும்.

நாவலுக்கே உரிய சிக்கல், அது ஒரே இரவில் முடிவதில்லை என்பது. ஓர் அத்தியாயத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே பள்ளி, விளையாட்டு, சண்டை, தூக்கம் எல்லாம் வந்துபோகும். பிரான்ஸ்ஃபோர்டும் ஜான்சனும் 1972இல் ஒரு சோதனை செய்தார்கள். துணி துவைப்பதைப் பற்றிய ஒரு பத்தியை, எதைப் பற்றியது என்று சொல்லாமல் வாசித்துக் காட்டியபோது கேட்டவர்களுக்குப் பிடிபடவே இல்லை. தலைப்பை முன்கூட்டியே சொன்னபோது எளிதில் புரிந்தது, நினைவிலும் நின்றது. வாசித்த பிறகு சொன்னபோது பயனில்லை. ஆகவே 'நேற்று எங்கே விட்டோம்?' என்ற கேள்வி அத்தியாயத்துக்கு முன்னால் வர வேண்டும். முன்கதையை இடையில் நிறுத்தி விளக்குவது காலம் கடந்த உதவி.

அத்தியாயத்தின் நீளத்தையும் பார்க்க வேண்டும். ஆங்கிலத்தில் பெரியவர்கள் புனைவல்லாத நூல்களை மௌனமாக வாசிப்பது நிமிடத்துக்குச் சராசரியாக 238 சொற்கள் என்றால், உரத்த வாசிப்பு 183 சொற்கள்தான். உங்கள் கணக்குக்கு ஒரு பக்கத்தைக் கடிகாரம் வைத்து வாசித்துவிட்டு, அத்தியாயத்தின் பக்கங்களால் பெருக்கிக்கொள்ளுங்கள். உட்கார்ந்து கேட்கும் பொறுமையைத் தாண்டினால், பாதியில் நிறுத்த வசதியான இடம் இருக்கிறதா என்று தேடுங்கள். முடிச்சோடு நிற்கும் இடம் நல்லது. பாதியில் தடுக்கப்பட்ட வேலைக்கு மனிதர்கள் தாமாகவே திரும்பிவர முனைகிறார்கள் என்று மரியா ஓவ்சியான்கினா 1928இல் காட்டினார். முடியாத வேலை நினைவில் அதிகம் நிற்கும் என்ற இன்னும் பிரபலமான கருத்துக்குப் பிந்தைய சோதனைகளில் அவ்வளவு ஆதரவு கிடைக்கவில்லை. எனவே முடிச்சு ஆவலைத் தரும், நினைவூட்டும் வேலையை நீங்கள்தான் செய்ய வேண்டும்.

வெவ்வேறு வயதுப் பிள்ளைகள் இருந்தால் மூத்ததின் பக்கம் சாய்வதே சரி என்பது என் கட்சி. சின்னது தனக்கு எட்டியதை எடுத்துக்கொள்ளும். பெரியது சலித்து எழுந்துவிட்டால் கூட்டமே கலைந்துவிடும். சின்னது ஏற்கெனவே முடித்த நாவலையே மறுபடி கேட்டு அடம் பிடித்தால் எரிச்சல் வேண்டாம். ஜெசிகா ஹார்ஸ்டும் சக ஆய்வாளர்களும் 2011இல் மூன்று வயதுக் குழந்தைகளிடம் சோதித்தபோது, ஒன்பது வெவ்வேறு கதைகளைக் கேட்டவர்களைவிட மூன்றே கதைகளைத் திரும்பத் திரும்பக் கேட்டவர்கள்தான் புதிய சொற்களை நன்றாகப் பிடித்துக்கொண்டார்கள். மூத்தது ஏற்கெனவே தனியாக வாசித்து முடித்த புத்தகம் என்பதற்காகவும் ஒதுக்க வேண்டியதில்லை. முடிவு தெரிந்தால் சுவை போய்விடுமா என்று பெரியவர்களிடம் சோதித்த ஆய்வுகள் கலவையான விடையையே தருகின்றன. 2011இல் வந்த ஒன்றில் முடிவைத் தெரிந்துகொண்டு வாசித்தவர்கள் கதையைச் சற்றுக் கூடுதலாகவே ரசித்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளையிடம் ஒரு பாத்திரத்தின் உரையாடலை ஒப்படைத்துவிடலாம், வில்லனுடையதாக இருந்தால் இன்னும் நல்லது.